ஒரே சட்டி, இரண்டு தட்டு: கணவனும் மனைவியும் ஏன் ஒரே மாதிரி சாப்பிடுகிறார்கள்?

எங்கள் அம்மா பண்ருட்டிப் பக்கத்துப் பெண். பலாவும் முந்திரியும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் விளையும் செம்மண் பூமி. அப்பாவுக்குக் கடலூர் முதுநகர், எல்லோரும் ஓ.டி. என்று சொல்லும் பழைய ஊர். துறைமுகத்தில் படகு வந்து நின்றால் வீட்டுக்குள் மீன் வாசம் வரும் தூரம். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவுக்குக் கருவாட்டு வாடையே ஆகாதாம். அடுப்பில் கருவாடு வதங்கினால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாராம். அப்பாவுக்கோ கீரை என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கு இரண்டு வறுத்த நெத்திலியாவது இல்லாமல் அம்மா பழைய சோற்றில் கை வைப்பதில்லை. அப்பா வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை கேட்கிறார்.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எந்த நாளில் மாறினோம் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. சேர்ந்து வாழும் இருவரின் சாப்பாடு இப்படி ஒன்றையொன்று ஒத்திருப்பது ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பல வருடங்களாகப் படிக்கப்பட்டுவரும் விஷயம். தம்பதியரின் உணவு ஒப்புமை என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டால் "இதில் என்ன ஆராய்ச்சி, ஒரே வீட்டில் சமைத்ததைத்தானே சாப்பிடுகிறார்கள்" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போனால் அவ்வளவு நேரான கதை இல்லை.

முதல் கேள்வி, ஒத்திருக்கிறது என்றால் யாரோடு ஒப்பிட்டு? கடலூரில் ஒரு கணவனும் மனைவியும் மத்தியானம் சோறு சாப்பிடுகிறார்கள் என்பது ஒற்றுமைக்குச் சான்றாகாது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் யாரோ ஒருவரும் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் வேறு யாரோ ஒருவரும்கூடச் சோறுதான் சாப்பிடுகிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் என்பதாலேயே வரும் ஒற்றுமை அது. அதைக் கழித்துவிட்டுத்தான் கல்யாணத்தின் பங்கைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி, நூறு நிஜத் தம்பதிகளின் உணவுக் கணக்கை எடுத்துக்கொண்டு, பிறகு சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஜோடிகளைக் கலைத்துப் போடுவது. ஒருவர் கணவனுக்கு எதிரே இன்னொருவர் மனைவி. அப்படிக் கலைத்த ஜோடிகளைவிட நிஜ ஜோடிகள் எவ்வளவு அதிகமாக ஒத்துப்போகிறார்களோ, அதுதான் கணக்கில் வரும்.

இரண்டாவது சிக்கல், சாப்பிட்டதைக் கேட்டு எழுதுவது. நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கரண்டி, எத்தனை டம்ளர் என்று கேட்பது ஆராய்ச்சியாளர்களின் பழைய முறை. நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "நேத்து என்ன குழம்பு?" என்பார். பதில் உள்ளேயிருந்து வரும். ஆக, இரண்டு பேர் கணக்கையும் ஒருவரே சொல்கிறார். காகிதத்தில் அவர்கள் நிஜத்தைவிட அதிகமாக ஒத்துப்போய்விடுவார்கள். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டியது அதனால்தான்.

சரி, இந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது? மூன்று இடத்திலிருந்து வரலாம். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒரே மாதிரி சாப்பிட்டு வளர்ந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே கடை, ஒரே அடுப்பு, ஒரே சம்பளம் என்று சூழல் ஒன்றாகியிருக்கலாம். அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறியிருக்கலாம். மூன்றும் கலந்தேதான் நடக்கும். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் புதுமணத் தம்பதிகளையும் கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களையும் ஒப்பிட வேண்டும், அல்லது ஒரே தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர வேண்டும்.

முதல் காரணம் தமிழ்நாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். மற்ற நாடுகளில் "தன்னைப் போன்றவரைத் தேடிக் கட்டிக்கொள்வது" என்று சொன்னால் படிப்பு, வருமானம், ரசனை என்று போவார்கள். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்னும் நிற்கவில்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் இரத்த சொந்தத்தில் நடந்தவை. அப்படியென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பாட்டி வைத்த குழம்பைக் குடித்து வளர்ந்தவர்கள். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தேங்காய் அரைத்து ஊற்றுவதா இல்லையா என்பதெல்லாம் தாலி கட்டுவதற்கு முன்பே முடிவான விஷயம். சொந்தமில்லாமல் சாதிக்குள் கட்டினாலும் சமையல் பாதி ஒன்றாகத்தான் இருக்கும்.

நாக்கு அவ்வளவு சீக்கிரம் பழக ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஒரு ஆய்வில், கர்ப்பமாக இருந்தபோதோ பால் கொடுத்தபோதோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். முதுநகரில் மீன் குழம்பு சாப்பிட்ட தாயின் வயிற்றில் வளர்ந்த அப்பாவும், மல்லாட்டைச் சட்னி சாப்பிட்ட தாயின் வயிற்றில் வளர்ந்த அம்மாவும் ஒரே தட்டுக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது அதனால்தான்.

இரண்டாவது காரணமான சூழலைப் பார்க்கக் கடலூரைவிட நல்ல இடம் கிடைக்காது. வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சிறு படகுகள் கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறிவிடும். வஞ்சிரத்தை விசாரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு பானையிலிருந்து கருவாடு வெளியே வரும். அதே நேரம் பண்ருட்டியில் பலாப்பழ சீசன். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்திருப்பார்கள். அந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு.

அம்மா அதை வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பலாக்கொட்டையை அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் மேல்தோல் வெடித்துவிடும். அதை உரித்து, கொட்டையைப் பாதியாக நறுக்கி முதலில் வேகவைத்துக்கொள்வார். வாளைக் கருவாட்டை வெந்நீரில் போட்டு மூன்று தடவை கழுவுவார். மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு. கத்தரிக்காய் இருந்தால் அதுவும். புளி கொதித்துப் பச்சை வாசம் போன பிறகுதான் கருவாடு இறங்கும். உப்பு கடைசியில், அதுவும் ருசி பார்த்துவிட்டு. கொட்டை அம்மா ஊர், கருவாடு அப்பா ஊர். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவில் பாதி வீட்டில் இதே குழம்பு மணக்கும். கணவன் மனைவி சேர்ந்து மாறுகிறார்கள். அவர்களை மாற்றுவது கடலும் சந்தையும்.

புதுச்சேரியிலும் இதைப் பார்க்கலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டி இன்றும் அங்கே பேக்கரிகளில் கிடைக்கிறது. தெருமுனையில் ரொட்டிக் கடை இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் காலையில் ரொட்டி சாப்பிடுவதற்கு ரசனை ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமில்லை. கடை பக்கத்தில் இருந்தால் போதும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரே இருப்பவரின் கை நம் கையை இழுக்கிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 70 ஜோடி இளம்பெண்களைச் சேர்ந்து சாப்பிட வைத்து ஒவ்வொரு வாயையும் எண்ணினார்கள். ஒருத்தி ஒரு வாய் எடுத்தால் அடுத்த ஐந்து நொடிக்குள் மற்றவளும் எடுப்பது அடிக்கடி நடந்தது. அவர்கள் தம்பதிகள்கூட இல்லை. சும்மா ஒரு வேளை எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். முப்பத்தைந்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டாவது முறை சோறு வாங்கினால் இன்னொருவர் கையும் சட்டிக்குப் போகும். ஒருவர் மோரோடு எழுந்துவிட்டால் இன்னொருவருக்கும் போதும் என்று தோன்றிவிடும்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்று ஒரு ஊர். அந்த ஊர் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து இதயநோய் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தத் தரவில் 12,067 பேரை எடுத்து, 1971 முதல் 2003 வரை யார் யார் பருமனானார்கள் என்று பார்த்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. கணவன் மனைவியில் ஒருவர் பருமனாகிவிட்டால் மற்றவரும் பருமனாகும் வாய்ப்பு 37% கூடியிருந்தது. இது ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறியதா, இருவரையும் ஒரே சூழல் மாற்றியதா என்று பிரிப்பது கடினம் என்று புள்ளியியலாளர்கள் சிலர் பிறகு வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். மேலே சொன்ன மூன்று காரணங்களும் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

அதே ஃபிராமிங்ஹாமில் 2011இல் உணவு முறையை மட்டும் பார்த்த இன்னொரு ஆய்வு, தம்பதி, நண்பர், உடன்பிறந்தவர் என்று எந்த உறவை எடுத்தாலும் அதிகம் ஒத்துப்போனது மதுவும் நொறுக்குத்தீனியும் சேர்ந்த பழக்கம் என்று கண்டது. இது அந்த ஊர்க் கதை. நம் பக்கம் குடிப்பழக்கம் பெரும்பாலும் ஆண்களோடு நின்றுவிடுகிறது. புதுச்சேரி மதுக்கடையில் கணவர் தொட்டுக்கொள்ளச் சாப்பிடும் வறுவலும் மிக்சரும் மனைவி கண்ணில் படுவதே இல்லை. இங்கே இருவரையும் ஒன்றாக்குவது வீட்டுச் சட்டி. அதிலிருக்கும் உப்பு, எண்ணெய், சோறு.

இதனால்தான் ஒருவருக்கு வரும் நோய் மற்றவருக்கும் ஒரு தகவல். ஏற்கெனவே வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, துணைவருக்குச் சர்க்கரைநோய் இருந்தால் நமக்கும் வரும் ஆபத்து 26% கூடுதல். 2023 டிசம்பரில் வந்த இன்னொரு ஆய்வு அமெரிக்கா, இங்கிலாந்து, சீனா, இந்தியா என நான்கு நாடுகளில் நடுவயது கடந்த தம்பதிகளின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தது. இந்தியாவில் மட்டும் 22,389 தம்பதிகள். அவர்களில் ஐந்தில் ஒரு ஜோடிக்கு இருவருக்குமே பி.பி. இருந்தது. கணவருக்கு பி.பி. இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு இங்கே 19% கூடுதல்.

இந்தச் சதவீதத்தைப் புரிந்துகொள்வதில் பலர் தடுமாறுகிறார்கள். கணவருக்கு பி.பி. இருந்தால் நூறில் 19 மனைவிகளுக்கு வந்துவிடும் என்று பொருளில்லை. எடுத்துக்காட்டாக, பி.பி. இல்லாத ஆண்களின் மனைவிகள் நூறு பேரில் 20 பேருக்கு பி.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.பி. உள்ள ஆண்களின் மனைவிகள் நூறு பேரில் அது 24 பேர் அளவுக்கு இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் சோதித்துப் பார்த்துவிடுவதுதான் புத்தி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கடலூர்ப் பக்கம் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். கணவருக்குப் பட்டை கட்டிப் பார்க்கும்போது, அடுப்படியில் நிற்கும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். இரண்டு நிமிட வேலை.

வயிற்றுக்குள்ளும் இந்த ஒற்றுமை தெரிகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2019இல் வெளியான ஆய்வில், உடன்பிறந்தவர்களைவிடக் கணவன் மனைவியரின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. நெருக்கமாக வாழும் தம்பதிகளிடம் இன்னும் அதிகம்.

இதுவரை ஒற்றுமையைப் பற்றியே பேசினேன். இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஒரே சட்டி என்பதால் ஒரே சாப்பாடு ஆகிவிடாது. குழம்பு ஒன்றுதான், அதில் துண்டு யாருக்குப் போகிறது? எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கு, பிறகு எங்களுக்கு. அம்மா சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. சட்டியில் வாலும் தலையும் குழம்பும் இருக்கும். "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்பார். சின்ன வயதில் அதை அப்படியே நம்பினேன். ஆராய்ச்சிக்காரர் வந்து கேட்டிருந்தால் இருவர் பெயருக்கு எதிரேயும் மீன் குழம்பு, சோறு என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

முன்பு சொன்ன 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 57% பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25%. மாதவிடாய், பிரசவம் என்று உடல் சார்ந்த காரணங்கள் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. தட்டு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் ஆள் யாரோ, அவர்தான் கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறார் என்பது என் மனதை உறுத்துகிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வீடுகளில் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் வீடே மாறிவிடும். கேழ்வரகு வரும், காய் கூடும், காபியில் சர்க்கரை நிற்கும். மனைவிக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் எல்லோருக்கும் வழக்கமான சமையல் நடக்கும், அவர் தனக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி தட்டிக்கொள்வார், பாதி நாள் அதுவும் இல்லை. யார் யாருக்கு ஒத்துப்போகிறார் என்பதை வீட்டில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

நல்ல மாற்றமும் இதே வழியில்தான் பரவும். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 130 தம்பதிகளை வைத்து 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தம்பதியில் ஒருவர் மட்டும் எடை குறைக்கும் முயற்சியில் இருந்தார், மற்றவருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. ஆறு மாதத்தில் அந்த மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன் எடையில் 3% அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தார். எழுபது கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ. தனக்கென்று எந்தச் சிகிச்சையும் இல்லாமலே.

அதனால் பத்தியச் சாப்பாடு தனியாக ஒரு கிண்ணத்தில் வைப்பதைவிடச் சட்டியை மாற்றுவது நல்லது. உப்பிலிருந்து ஆரம்பிக்கலாம், கணக்கு எளிது. உப்பு பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். ஒரு கிலோ உப்பு நான்கு பேர் உள்ள வீட்டில் 25 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராம். கழுவி ஊற்றியது கொஞ்சம் போயிருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியாக வெளியிலிருந்து வந்தது அதில் சேராது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஐந்து கிராமுக்குள். எண்ணெய்க்கும் இதே கணக்குதான். மாதம் எத்தனை லிட்டர், எத்தனை வாய் என்று வகுத்துப் பாருங்கள்.

எங்கள் அப்பாவுக்கு பி.பி. என்று தெரிந்தபோது அம்மா இதைத்தான் செய்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கருவாட்டைக் கூடுதலாக ஒரு தடவை கழுவினார், குழம்பில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதல் இரண்டு வாரம் அப்பா தட்டின் முன் உட்கார்ந்ததும் உப்பு ஜாடியைத் தேடினார். பிறகு தேடவில்லை. 1982இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், உப்பைக் குறைத்துச் சாப்பிட்ட இளைஞர்களை ஐந்து மாதம் கவனித்தார்கள். நாள் போகப் போக அவர்களுக்குப் பிடித்த உப்பின் அளவே இறங்கிவிட்டது. அப்பா அறுபது வயதில் அதையே செய்துகாட்டினார். நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன, இவ்வளவு கரிக்குது?" என்று பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் கரித்ததாம்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் அம்மா உப்பைக் குறைத்த கதையைச் சொன்னார். பிறகு அம்மாவுக்கும் பி.பி. பார்த்தோம். அவருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. யாருக்காகக் குறைத்த உப்போ, அது இருவருக்கும் தேவையாக இருந்திருக்கிறது.

அம்மா இன்னும் கடைசியில்தான் சாப்பிட உட்காருகிறார், எவ்வளவு சொல்லியும் அது மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மீன் குழம்பு அன்று அப்பா தனக்குப் பரிமாறும்போதே கையை நீட்டித் தடுத்து, இரண்டு நடுத்துண்டில் ஒன்றைச் சட்டியிலேயே விட்டுவைக்கச் சொல்கிறார். மூன்று மணிக்கு அம்மா சட்டியைத் திறக்கும்போது அது அங்கே இருக்கிறது.